மேல் வரிசையின் மூச்சு

"நகை காணாமப் போனா பெட்டி காலியா இருக்கும். சைக்கிள் காணாமப் போனா சுவர் காலியா இருக்கும். இங்க பாசி காணாமப் போச்சாம், ஆனா பாசி அங்கயே இருக்காம். அத்தான், இது திருட்டா, தத்துவமா?"

வண்டியோட்டிக்கொண்டிருந்த அத்தானிடமிருந்து பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் துணுக்கு கேட்டான். துப்பறிவாளர் என்று ஊரே மரியாதையோடு சொல்லும் அந்த மனிதர் அவனுடைய அக்கா புருஷன். நாளொன்றுக்கு இத்தனை வார்த்தை என்று யாரோ படியளந்ததைப் போலத்தான் எப்போதும் பேசுவார். அக்கா போன பிறகு அந்தப் படியும் பாதியாகிவிட்டது. மீதியை இவன் இட்டு நிரப்பிக்கொண்டிருந்தான். பத்திரிகையில் கதைக்குக் கீழே இடம் மிஞ்சினால் துணுக்கு போடுவார்களே, அந்த மாதிரி. முப்பதைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெயரை வைத்தவளும் அக்காதான்.

அத்தானின் இடது மணிக்கட்டில் வழக்கம்போல ஒரு பழைய ரப்பர் பேண்ட் கிடந்தது. எந்தக் காகிதத்தைக் கட்டுவதற்கோ! இதுவரை அதைக் கழற்றி அவர் எதையும் கட்டி இவன் பார்த்ததில்லை.

ஆய்வுக்கூடத்து இயக்குநர் வாசலிலேயே காத்திருந்தார். பருத்த உடம்பு, எந்நேரமும் எதையோ தேடும் கண்கள். "வாங்க சார்" என்றவர் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தார். நடையின் முடிவில் ஒரு கதவு. திறந்ததும் குளத்தங்கரை வாசம் முகத்தில் அடித்தது.

அறை முழுக்க வெள்ளை விளக்குகள். நடுவே இரும்புச் சட்டத்தில் இரண்டு அடுக்காக மூன்றடி உயரக் கண்ணாடி உருளைகள். கீழ் வரிசையில் இருந்தவை கரும்பச்சை. மேல் வரிசை வெளிறிப்போய், காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம்போல மஞ்சளடித்துக் கிடந்தது. ஒவ்வொரு உருளையின் தலையிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று கிளம்பித் தண்ணீர்ப் புட்டியில் முடிந்தது. மேல் வரிசைப் புட்டிகளில் குமிழ்கள் எழுந்து உடைந்துகொண்டிருந்தன. கீழ் வரிசைப் புட்டிகளில் அசைவே இல்லை.

"இந்தக் குமிழைத்தான் நாங்க மூச்சுன்னு சொல்வோம்" என்றார் இயக்குநர். "கீழ் வரிசை மூச்சு நின்னுபோச்சு."

"பாக்கறதுக்கு மேல இருக்கறதுதான் சாகப்போற மாதிரி இருக்கு. கீழ இருக்கறது கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கு" என்றான் துணுக்கு.

"அதாங்க விஷயமே. கந்தகம்னு ஒரு சத்து. அதை மட்டும் நிறுத்திட்டா பாசிக்குப் பசி வந்துடும். பசி முத்தினா ஹைட்ரஜன் விட ஆரம்பிக்கும். அதை எரிச்சா புகை கிடையாது, கரி கிடையாது, தண்ணிதான் மிஞ்சும். மத்த பாசிக்கெல்லாம் பசி ஏறவே ரெண்டு மூணு நாளாகும். எங்க மேடம் மரபணுவை மாத்தி உண்டாக்கின பாசி, காலைல பட்டினி போட்டா சாயங்காலம் குமிழ் விடும். உலகத்துல வேற எந்தப் பாசியும் அப்படிச் செய்யாது. காத்து எடுத்தப்புறம் மிஞ்சுறதை உலர்த்தினா இரும்புச்சத்து, வைட்டமின் எல்லாம் நிறைஞ்ச பொடி. சோறில்லாத குழந்தைங்களுக்குக் கொடுக்கணும்னு மேடத்துக்கு ஆசை."

"தான் பட்டினி கிடந்து அடுத்தவங்க வயித்தை நிரப்புது. எங்கம்மா இதுக்குச் சொந்தமா இருப்பாங்க போல."

இயக்குநர் சிரிக்கவில்லை. "மேடம் இறந்து ரெண்டு மாசமாச்சு. வயித்துல கட்டி. அவங்க போனதுக்கு அப்புறம்தான் இது ஆரம்பிச்சது. போன மாசம் முதல் உருளை நின்னுது. அப்புறம் ஒண்ணொண்ணா. கீழ் வரிசை முழுக்க மேடத்தோட பாசியை எடுத்துட்டு ஏதோ குளத்துப் பாசியை ஊத்தி வச்சிருக்காங்க. பட்டினியில பச்சையா இருக்கற பாசி எங்களோடதா இருக்க முடியாது. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கோம், முடிவு வர மூணு வாரமாகும். ஆனா யாருன்னு தெரியும். மேடத்தோட டெக்னீசியன் பொண்ணு. உருளையெல்லாம் அவ பொறுப்பு. வெளியில ஒரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்கு. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. நாளைக்குக் காலைல விசாரணைக் குழு. வேலை போகும், போலீசுக்கும் போகும். அப்புறம் எந்த ஆய்வுக்கூடமும் அவளை வாசல்ல சேர்க்காது. அவ பாசியை எங்க கொண்டுபோய் வச்சிருக்கான்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

துப்பறிவாளர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "பெருக்கறதுக்கு எவ்வளவு பாசி வேணும்?"

"ஒரு துளி போதும். தயிருக்கு உறை ஊத்துற மாதிரிதான்."

"ஒரு துளி போதும்னா வரிசையையே ஏன் காலி பண்ணணும்?"

இயக்குநர் உருளைகள் பக்கம் கையை வீசினார். "எங்களைக் கெடுக்கத்தான் சார். நம்ம பாசி வேலை செய்யலன்னு பேர் ஆகிட்டா, அவங்க மட்டும்தானே வச்சிருப்பாங்க? மேல் வரிசைக்கு வர்றதுக்குள்ள பிடிச்சுட்டோம். தாய்ப்பாசிக் குடுவை நல்லவேளையா பூட்டுக்குள்ள இருக்கு."

"உருளைக்குள்ள ஊத்தற தண்ணியைச் சோதிச்சீங்களா? கந்தகம் கலந்திருக்குமோன்னு?"

"கலக்கற புட்டியெல்லாம் சோதிச்சாச்சு. சுத்தம்." இயக்குநர் லேசாகச் சலித்துக்கொண்டார். "பட்டினி போடறதுதான் சார் எங்க வேலையே. இங்க வந்து யாராவது சோறு போடுவாங்களா?"

துப்பறிவாளர் கீழ் வரிசையை ஒட்டிக் குனிந்தார். ஒவ்வொரு உருளையின் இடுப்பிலும் மாதிரி எடுக்க ஒரு ரப்பர் குழாய், அதன் வாயில் உலோகக் கிளிப். மேல் வரிசையில் கிளிப் மட்டும் இருந்தது. கீழ் வரிசையிலோ குழாயின் நுனி திருப்பி மடிக்கப்பட்டு, அந்த மடிப்பின்மேல் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

"பார்சல் கட்டின மாதிரி இருக்கே" என்றான் துணுக்கு.

"அவதான் கட்டியிருப்பா" என்றார் இயக்குநர்.

துப்பறிவாளர் அந்த மடிப்பை இரண்டு விரல்களால் தொட்டார். தொட்டபடியே நின்றார். விளக்குகளின் இரைச்சல் கேட்டது. மேல் வரிசையில் குமிழ் உடையும் ஓசைகூடக் கேட்டது. அத்தானின் மௌனங்களை ரகம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் துணுக்கு. யோசனை மௌனம், கோப மௌனம், பசி மௌனம். இது எதிலும் சேரவில்லை. சங்கடம் தாளாமல் அவன் எதையாவது செய்ய நினைத்தான். குழாய்க்கு நேர் கீழே இரும்புச் சட்டத்தில் வெள்ளையாக ஏதோ சொட்டிக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"ஐயோ, இங்க எதையும் வாயில வைக்கக் கூடாதுங்க!" என்று இயக்குநர் பதறினார்.

"இப்பச் சொல்லி என்ன புண்ணியம்? த்தூ. கசப்பு. அத்தான், இந்தக் கசப்பு எனக்கு ரொம்ப வேண்டிய கசப்பு. எங்கயோ பழகியிருக்கேன்."

துப்பறிவாளர் நிமிர்ந்தார். மேல் வரிசைக்கு எட்ட ஒரு ஸ்டூலும், கீழ் வரிசையை ஒட்டி ஒரு மர நாற்காலியும் கிடந்தன. அதன் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. "இது யாரோடது?"

"மேடத்தோட நாற்காலி. இப்ப அவங்க வீட்டுக்காரர் வந்து உட்காருவார். பேக்கரி வச்சிருந்தவர். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல வருவார், கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுவார். பாவம், நான்தான் அனுமதி கொடுத்தேன். யார்கிட்டயும் பேச மாட்டார்."

"உங்க ஆளுதான் அத்தான் அவர்" என்றான் துணுக்கு.

அத்தான் அவனைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. ஆனால் அதற்குப் பிறகு கார் வரைக்கும் துணுக்குக்குப் பேச்சு எழவில்லை.

*

டெக்னீசியன் பெண் மாடியறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். கதவைத் திறந்தவளைப் பார்க்கத் துணுக்கு கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அவளைக் கொக்கு என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. தரையில் பாதி கட்டிய பெட்டி. கட்டிலில் மடித்த துணிகள்.

"நான் எதுவும் எடுக்கல" என்றாள், உட்காரச் சொல்வதற்கு முன்பே.

"தெரியும்மா" என்றார் துப்பறிவாளர். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

சுவரின் உச்சித் தட்டில் டம்ளர்கள் கவிழ்த்திருந்தன. எம்பாமல் கொள்ளாமல் கையை நீட்டி எடுத்தாள்.

"ஏணியை வாடகைக்கு விடலாம் போலிருக்கே" என்று துணுக்கு முணுமுணுத்தான்.

"கேட்டுது" என்றாள். "ஸ்கூல்லேர்ந்து கேட்டுட்டேன். புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க."

துப்பறிவாளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. "உருளையில மாதிரி எடுத்ததும் குழாயை எப்படி மூடுவே?"

"கிளிப்பை அழுத்துவோம். அவ்வளவுதான்."

"மடிச்சு, ரப்பர் பேண்ட் போடறதில்ல?"

அவள் கட்டிலில் கிடந்த ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே மடித்திருந்ததை மறுபடி மடித்தாள்.

"சார், இதோட விட்டுடுங்க."

"நாளைக்கு உன்னைப் போலீஸ்ல கொடுத்துடுவாங்க."

"கொடுக்கட்டும். எனக்குக் கை இருக்கு, கால் இருக்கு, வேற வேலை கிடைக்கும். ஏதாவது ஒண்ணு." துணியைப் பெட்டிக்குள் திணித்தாள். "நான் சொன்னேன்னா அந்த நாற்காலியையும்..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள். உதட்டைக் கடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சரிம்மா. நீ எதுவும் சொல்லல" என்று எழுந்தார்.

படி இறங்கும்போது துணுக்கு பொறுக்க மாட்டாமல், "என்ன நாற்காலி? இயக்குநர் நாற்காலியா? அந்த ஆளைக் காப்பாத்தறாளா? காதலா? அந்த உடம்புக்கும் இந்த உயரத்துக்கும் போட்டோவே எடுக்க முடியாது அத்தான்" என்றான்.

கடைசிப் படியில் அவன் நின்றான். வாயில் மிச்சமிருந்த கசப்பு, கேட்காமலே ஒரு பழைய சமையலறையைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்தியது. அம்மா மூக்கைப் பிடித்திருக்கிறாள், அக்கா இவன் கைகளை அமுக்கிக்கொண்டு சிரிக்கிறாள், தொண்டையில் கசகசவென்று இறங்குகிறது ஒரு டம்ளர்.

"பேதி உப்பு! அத்தான், அது பேதி உப்பு! ஐயையோ, நான் நக்கினேனே, வழியில ஏதாவது ஆகிடுமா?"

"நக்கினதுக்கு ஆகாது. மருந்துக் கடையில பொட்டலமா விக்கறானே அதுதான். அதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"வில்லங்கம்."

"கந்தகம்."

துணுக்கு வாயை மூடினான். மேல் வரிசையின் வெளிறிய முகமும் கீழ் வரிசையின் கொழுத்த பச்சையும் நினைவுக்கு வந்தன. "அப்போ... யாரும் பாசியை மாத்தல. கீழ இருக்கறதும் மேடத்தோட பாசிதான். யாரோ அதுக்குச் சோறு போட்டிருக்காங்க. வயிறு ரொம்பினதால காத்து விடல."

"ம்."

"திருட்டே நடக்கல!"

"இல்ல."

"அப்புறம் ஏன் அத்தான் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

அவர் காரைக் கிளப்பினார். வெகுதூரம் போன பிறகுதான் பேசினார். "மேல் வரிசைக்கு ஏன் போடலன்னு யோசி. ஸ்டூல் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு ஸ்டூலே வேண்டாம். போட்டது அவளா இருந்தா மேல் வரிசைதான் முதல்ல நின்னிருக்கும், கண்ணுக்கு நேரா இருக்கறது அது. ஸ்டூல் மேல ஏறினாலும் குழாயைப் பிடிக்க ஒண்ணு, ஊத்த ஒண்ணுன்னு ரெண்டு கையையும் தூக்க முடியாத ஒருத்தர் போட்டிருக்காரு. உட்கார்ந்த இடத்துலேர்ந்து எட்டற வரைக்கும்."

*

பேக்கரியின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். பெரிய அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. மாவு பிசையும் மேசையைத் துடைத்துத் துடைத்து மரத்தின் ரேகை எழும்பியிருந்தது. இடுப்புயரத் தட்டுகளில் தூசியே இல்லை. தலைக்கு மேலிருந்த தட்டுகளில் தகர டப்பாக்கள் ஒட்டடை போர்த்தியிருந்தன. விற்பனைக்கு ஒரு ரொட்டிகூட இல்லாத அந்தக் கடையில் புளித்த மாவின் வாசம் மட்டும் உயிரோடு இருந்தது.

பேக்கரிக்காரர் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் கரண்டியால் மாவு போட்டுக்கொண்டிருந்தார். வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கைதான் வேலை செய்தது.

"கடை மூடியாச்சுங்க. ரொட்டி போடறதில்ல."

"ஜாடியில?" என்று கேட்டான் துணுக்கு.

"தாய்மாவு. ரொட்டி போட்டாலும் போடாட்டாலும் இதுக்குத் தினம் சோறு போடணும். போடாட்டி செத்துடும்." அவர் ஜாடியைத் துணியால் மூடினார். "தோள் இறுகிப்போச்சு, அதான் கடையை நடத்த முடியல. அவளைத் தூக்கித் தூக்கிப் படுக்க வச்சேன். அவ போற வரைக்கும் வலி தெரியல. போனப்புறம் கை மேல வரமாட்டேன்னுடுச்சு."

ஜன்னல் விளிம்பில், விரித்த துணியின்மேல், கழுவிக் கவிழ்த்த ஒரு பெரிய சிரிஞ்ச் காய்ந்துகொண்டிருந்தது. ஊசியில்லாத சிரிஞ்ச். அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய ரப்பர் பேண்டுகள்.

துணுக்கு அதன் பக்கத்தில் போய் நின்றான். இந்தச் சிரிஞ்ச் அவனுக்குத் தெரியும். கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, இதில் உறிஞ்சி, அக்காவின் மூக்கிலிருந்து தொங்கிய குழாயில் அத்தான் சொட்டுச் சொட்டாக இறக்குவார். பிறகு அடைக்காமலிருக்க நல்ல தண்ணீர் கொஞ்சம். பிறகு குழாயின் நுனியைத் திருப்பி மடித்து... தினமும் பார்த்தது. கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஜோக் சொல்லிக்கொண்டே பார்த்தது. அத்தானின் மணிக்கட்டைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

துப்பறிவாளர் மேசையின் இந்தப் பக்கம் நின்றார். "எங்க வீட்லயும் மூக்குல குழாய் இருந்தது" என்றார்.

பேக்கரிக்காரர் தலை நிமிர்ந்தார்.

"கிளிப் மட்டும் போட்டா கசியும்" என்றார் துப்பறிவாளர்.

"கசியும்" என்றார் பேக்கரிக்காரர் மெதுவாக. "தலையணையெல்லாம் நனைஞ்சிடும்."

"மடிச்சு, ரப்பர் பேண்ட் போட்டாத்தான் நிக்கும்."

"ஆமா."

இருவரும் அதற்கு மேல் பேசவில்லை. வாசலில் ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. துணுக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மௌனத்தை நிரப்ப நினைக்கவில்லை.

"தெரிஞ்சுபோச்சா?" என்று கடைசியில் கேட்டார் பேக்கரிக்காரர்.

"ம்."

"தப்புத்தான். அவ இருந்தா என்னைக் கொன்னிருப்பா." மேசையின் விளிம்பைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். "எங்க ரெண்டு பேருக்கும் இருபது வருஷச் சண்டை இது. என் மாவு வயிறு நிறைஞ்சா ஊதும். அவ பாசி வயிறு காஞ்சா ஊதும். 'நீ ஊட்டி ஊட்டிக் காத்து வாங்கறே, நான் பட்டினி போட்டுக் காத்து வாங்கறேன், யாரு கெட்டிக்காரி?'ன்னு கேப்பா. 'ஒரு சிட்டிகை பேதி உப்பு போட்டா போதும், எல்லாம் சாப்பிட்டுட்டு உன்னை மாதிரி குறட்டை விடும்'ம்பா. கடைசியில ரெண்டு மாசம் அவளுக்கு எதுவும் இறங்கல. குழாயில ஊத்தறதும் எதுக்களிச்சு வந்துடும். 'பசிக்குது'ன்னு சொல்லுவா. ஊத்தினா வந்துடும். மறுபடி 'பசிக்குது'ம்பா. அவ போனப்புறம் அந்த நாற்காலியில போய் உட்கார்ந்தேன். மஞ்சளா, வெளிறிப்போய், அத்தனையும் வரிசையா நின்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்துது சார். அவ முகம் கடைசியில அதே நிறம். என்னால அதைப் பாத்துக்கிட்டு உட்கார முடியல. உப்பை ஊட்டினதும் கொஞ்ச நாள்ல பச்சை திரும்பிச்சு." கண்களைத் துடைத்துக்கொள்ளவும் இடது கைதான் வந்தது. "ஒண்ணுக்காவது சாப்பிட்டது வயித்துல நின்னுதே."

துப்பறிவாளர் நெடுநேரம் தரையைப் பார்த்தார். அடுத்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை என்பது துணுக்குக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்.

"உருளைங்க நின்னதுக்கு அந்த டெக்னீசியன் பொண்ணு மேல பழி விழுந்திருக்கு. பாசியைத் திருடி வித்துட்டான்னு. நாளைக்கு விசாரணை."

பேக்கரிக்காரரின் முகம் ஒருகணம் ஒன்றும் விளங்காததுபோல வெறித்தது.

"கொக்குவா? நம்ம கொக்குவையா? நான் என் பாட்டுக்கு... அந்தப் புள்ள ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்க ஊட்டறதை அவ பாத்திருக்கா. சொன்னா உங்க நாற்காலியைப் பிடுங்கிடுவாங்கன்னு பயந்துட்டா."

அவர் எழுந்தார். வலது கையை ஊன்ற மறந்து ஊன்றி, வலியில் முகம் சுளித்து, மறுபடி எழுந்தார். "வாங்க. இப்பவே போகலாம்."

*

இயக்குநர் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். பிறகு பேக்கரிக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவர் சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா விசாரணைக் குழுவுக்கு இது கதை. இது மேடத்தோட பாசிதான்னு யார் சொல்றது?"

"பாசியே சொல்லும்" என்றார் துப்பறிவாளர். "மேடத்தோட பாசி பட்டினி போட்டா சாயங்காலத்துக்குள்ள குமிழ் விடும், வேற எந்தப் பாசியும் விடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இது பட்டினியில இருக்குன்னு நினைச்சுத்தானே பழி போட்டீங்க? இப்ப நிஜமாவே பட்டினி போடுங்க. உச்சிவேளைகூட ஆகல."

கொக்குவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் வந்தாள். பேக்கரிக்காரர் அவளைப் பார்த்துக் கைகூப்ப முயன்றார். ஒரு கைதான் மேலே வந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"கதவுக் கண்ணாடி வழியா பாத்தேன் சார். 'மெதுவா, மெதுவா'ன்னு சொல்லிக்கிட்டே ஊட்டினீங்க. நான் எப்படி உள்ள வர்றது?"

கீழ் வரிசையிலிருந்து ஒவ்வோர் உருளையாகப் பாசியை இறக்கினாள். இயந்திரத்தில் சுற்றி அடியில் படியவைத்து, உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கந்தகமில்லாத தண்ணீரில் அலசினாள். மறுபடி சுற்றினாள், மறுபடி அலசினாள். பாசியின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குகிற வேலைதான் அது. பேக்கரிக்காரர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போய் இருக்கலாமே என்று இயக்குநர் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"அதுங்களுக்கு வலிக்குமாம்மா?" என்று கேட்டார்.

கொக்கு உடனே பதில் சொல்லவில்லை. பொய் சொல்வதற்கு அவளுக்கு நிறைய நேரம் இருந்தது. "தெரியல சார்" என்றாள்.

உருளைகளை மூடி, விளக்குக்கு முன்னால் நிறுத்தினாள். கிளிப்பை அழுத்தினாள். மடிக்கவில்லை. கழற்றிப் போட்ட ரப்பர் பேண்டுகள் மேசைமேல் கிடந்தன.

பிறகு காத்திருப்பு. இயக்குநர் போவதும் வருவதுமாக இருந்தார். ஜன்னலில் வெயில் இறங்கியது. கீழ் வரிசைப் புட்டிகள் அசையாமல் நின்றன. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். கொக்கு தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துணுக்கு அத்தானைப் பார்த்தான். ஒருவேளை கணக்குத் தப்பியிருந்தால்? அத்தானின் கை இடது மணிக்கட்டைப் பற்றியிருந்தது.

முதலில் பார்த்தவர் பேக்கரிக்காரர்தான்.

"வருது" என்றார்.

ஓரத்துப் புட்டியில் ஒரு குமிழ். குழாயின் நுனியில் பிடித்துக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்று தயங்கி, விட்டுவிட்டு மேலே ஏறி உடைந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு அடுத்த புட்டி. அதற்கடுத்தது. விளக்கு போடும் நேரத்துக்குக் கீழ் வரிசை முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கொக்கு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். இயக்குநர் அவள் பக்கத்தில் போய் நின்றார். "நாளைக்கு விசாரணை கிடையாதும்மா" என்றார். பிறகு, "மன்னிச்சுடு" என்று சொன்னார். அது காதில் விழாத அளவு மெல்லிய குரல்.

பேக்கரிக்காரர் குமிழ்களைப் பார்த்தபடி இருந்தார். "நீதான் கெட்டிக்காரி" என்றார். அது அங்கே இருந்த யாருக்கும் சொன்னதல்ல.

அவர் கிளம்ப எழுந்தபோது கொக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வழியை மறித்தாள். "சார், இங்க பட்டினி போடாத குடுவை ஒண்ணு இருக்கு. தாய்ப்பாசி. அதுக்குத் தவறாம சோறு போடணும். மேடம்தான் போடுவாங்க. இப்ப நான் போடறேன், எனக்கு அந்தப் பக்குவம் வரல." இயக்குநரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த உயரத்திலிருந்து வந்த பார்வைக்கு அவர் தலையசைத்தார். "நீங்க போடறீங்களா?"

பேக்கரிக்காரர் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

*

காரில் திரும்பும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. துணுக்கு ஒன்றும் பேசவில்லை. சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு வண்டி நின்றபோது, ஸ்டியரிங்மேல் கிடந்த அத்தானின் மணிக்கட்டை இந்த முறை நேராகவே பார்த்தான். ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும்.

"என்னடா, வாயே திறக்கல?" என்றார் அத்தான்.

"ஒண்ணுமில்ல."

பச்சை விளக்கு விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

"உங்கக்கா கடைசியா சிரிச்சாளே, அன்னிக்கு அவகிட்ட என்ன சொன்னே? நான் குழாயை அலசப் போயிருந்தேன். சிரிப்பு மட்டும்தான் கேட்டுது. இத்தனை நாளா கேக்கணும்னு நினைப்பேன்."

துணுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மூக்கால சாப்பிடறே, இனிமே பல்லு தேய்க்கற வேலை மிச்சம், ஆனா தும்மிடாதே, எனக்கும் ஒரு வாய் வந்துடும்னு சொன்னேன்."

அத்தான் கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தது.

"நல்லாவே இல்ல" என்றார்.

"அவளும் அதேதான் சொன்னா அத்தான்."